தமிழில் வேகமாகத் தட்டச்சுவது எப்படி?

கேள்வி: ஆங்கிலத்தில் வேகமாகத் தட்டச்சுகிறேன். தமிழில் பாதி வேகம்கூட வருவதில்லை. எப்படி அளப்பது, எப்படிக் கூட்டுவது?
- வாசகி, ரூஜ், ரொறன்ரோ

பதில்: முதலில் அளவுகோலை மாற்றுங்கள், சகோதரி. ஆங்கிலத்தில் இடைவெளி உட்பட ஐந்து தட்டல்களை ஒரு சொல்லாகக் கொள்வார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; அவற்றைச் சொல்லாக எண்ணினால் உங்கள் வேகம் குறைவாகத்தான் தெரியும். தட்டல்களை எண்ணுங்கள். ஐந்து நிமிடத்தில் 600 தட்டல் என்றால் நிமிடத்துக்கு 120, அதாவது 24 சொல். பிழைகளைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது விசைப்பலகை. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்குகிறீர்கள் என்றால், விரலுக்கு முன்னால் மனம் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. தாமதம் அங்கேதான். 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ்99'ஐப் பழகுங்கள். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். நடுவில் புள்ளி தானே விழும். சுட்டுவிரல்கள் தடவி அறியும் இரு மேடுகளில் இடப்பக்கம் புள்ளி, வலப்பக்கம் 'ப'. பார்க்காமல் தட்ட அதுவே ஆதாரம்.

பாமினி விசைப்பலகை அமைப்பில் ஏற்கெனவே கை ஓடுகிறவர் மாற வேண்டியதில்லை. யுனிக்கோடில் அதே அமைப்பைத் தரும் மென்பொருள்கள் உண்டு.

தினமும் இருபது நிமிடம், விசையைப் பார்க்காமல், பிழையின்றி, மெதுவாக. முதல் சில வாரங்கள் வேகம் இன்னும் குறையும். அப்போது மட்டும் தயவுசெய்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.