நாள்பட்ட நோய்களும் தொடர் கவனிப்பும்

டாலிகஞ்சில் உள்ள எம். ஆர். பாங்கூர் மருத்துவமனை கொல்கத்தா நகருக்குள் அமைந்திருப்பினும், தென் 24 பர்கனா மாவட்டத்தின் மருத்துவமனையாகும். ஆகவே அதனை நாடுவோர் அவ்வட்டாரத்தினர் மட்டுமல்லர். சுந்தரவனம் வரை பரந்து கிடக்கும் அம்மாவட்டத்தின் ஊர்களினின்றும் வருவர். எலும்பு முறிவெனில் இப்பயணம் தாங்கத்தக்கதே. இரத்த அழுத்தமும் நீரிழிவும் அவ்வாறானவை அல்ல. இருக்கும் மாத்திரை தீருமுன் அடுத்தது கைக்கு வந்தாக வேண்டும். கூலிவேலை செய்பவர் மாதந்தோறும் ஒரு நாள் ஊதியத்தை இழந்து வரிசையில் நிற்பார் என எதிர்பார்ப்பது திட்டமிடுதல் ஆகாது.

2020-ஆம் ஆண்டில் இம்மருத்துவமனை கோவிட் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. வழக்கமாக வந்துகொண்டிருந்தோர் வேறிடம் நாட வேண்டியதாயிற்று. தொடர் சிகிச்சை முழுவதையும் ஒரே பெரிய நிலையத்தில் குவித்து வைப்பதன் இடர் இதனால் விளங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இத்துணைப் பேரையும் சிறப்பு மருத்துவர்கள் பார்த்துத் தீராது; தேவையும் இல்லை.

2017-இல் 5 மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி இவ்வகையில் கருதத்தக்கது. மருத்துவருக்கு மருத்துவர் மாறாமல், மாநிலத்திற்கு ஒரே சிகிச்சை முறை வகுக்கப்பட்டது. எந்த மருந்து முதலில், எந்த அளவில், கட்டுப்படாவிடில் அடுத்து எது என்பன அதில் அடங்கும். மருந்துகளின் வகை குறைந்ததால் கொள்முதலைக் கணக்கிடுவது எளிதாயிற்று. அழுத்தத்தை அளந்து பதிவதும், மீண்டும் மாத்திரை வழங்குவதும் செவிலியர் முதலியோரின் பணியாயின. மருத்துவரின் நேரம் அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கு மிஞ்சியது. இவை அனைத்தினும் முதன்மையானது பதிவேடு. குறித்த நாளில் வாராதவர் யார் என்பதை அதுவே காட்டும். அவரைத் தொலைபேசியிலோ நேரிலோ அழைக்க ஒருவர் பொறுப்பேற்பார். எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கப்பட்டது என்னும் கணக்கு அறிக்கைக்கு அழகு சேர்க்கும். எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழ் வந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

தமிழ்நாடு மேலும் ஓரடி சென்றது. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மருந்தை வீட்டிற்கே கொண்டு சேர்க்கின்றனர். எனினும் வீடு தேடிச் செல்வது மட்டும் ஒருங்கிணைப்பு ஆகிவிடாது. அழுத்தம் ஏறியிருப்பதைக் காணும் ஊழியர் எவரிடம் தெரிவிப்பது, அவர் எத்தனை நாளில் பார்ப்பது என்பனவும் முன்னரே வரையறுக்கப்பட வேண்டும்.

கொல்கத்தா மாநகராட்சியின் 144 வார்டுகளில் டாலிகஞ்ச் பகுதியினவும் அடங்கும். வார்டு அளவிலான நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்கள் மாநகராட்சியின் பொறுப்பு; மாவட்ட மருத்துவமனையோ மாநில அரசின் பொறுப்பு. நிர்வாகம் இரண்டாக இருப்பதால், பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புபவரின் மருந்து விவரமும் அடுத்த பரிசோதனை நாளும் அவர் வசிக்கும் வார்டு நிலையத்திற்குச் சென்று சேரும் வழியைத் தனியே வகுத்தாக வேண்டும். மாவட்டத்து ஊர்களுக்குத் திரும்புவோர்க்கு அவ்வூரின் துணைச் சுகாதார நிலையம் அவ்விடத்தைப் பெறும்.