'எப்போது' என்பதற்கு முன் 'ஏன்'

"சார், இவ்வளவு வருஷத்தையும் எப்படி சார் ஞாபகம் வெச்சுக்கிறது?" பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. வேலூரில் நெடுங்காலம் வரலாறு நடத்தியதில் நான் கண்ட விடை: ஆண்டில் தொடங்காதீர்கள், காரணத்தில் தொடங்குங்கள். காரணம் புரிந்துவிட்டால் ஆண்டு தானாக மனத்தில் தங்கும்.

எங்கள் ஊர்ப் பாடத்தையே பார்ப்போம். '1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சி' என்று உருப்போட்டால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். பெரிய வினா வந்தால் பேனா நகராது. அதனால் வகுப்பில் கேள்விகளாக அடுக்குவேன்.

சிப்பாய்கள் ஏன் கொதித்தார்கள்? நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று சென்னைப் படைத்தளபதி ஜான் கிரடாக் காலத்தில் உத்தரவுகள் வந்தன. ஏன் வேலூரில்? 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவருடைய பிள்ளைகளை இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். அன்றைக்கே ஏன் அடங்கியது? ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார்.

இந்த மூன்றாவது விடை வரைபடத்தில் இன்னும் தெளிவாகும். வேலூருக்கும் ஆர்க்காட்டுக்கும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். குதிரைக்குச் சில மணி நேரம் போதும். எனவே வரைபடப் பயிற்சியைத் தேர்வுக்கு முந்தின வாரத்துக்குத் தள்ளாமல், பாடம் படிக்கும்போதே ஊர்களைக் குறித்துவிடுங்கள்.

அடுத்தது காலக்கோடு. உலகத்துக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என இரண்டை மேலும் கீழுமாக வரையுங்கள். மேலே 1914இல் முதல் உலகப்போர். கீழே அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் குண்டுகள். மேலே 1919இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை. கீழே அதே ஆண்டு ரௌலட் சட்டம், ஜாலியன்வாலாபாக். தனித்தனிப் பாடங்களாகத் தெரிந்தவை ஒன்றாக இணைவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

பெரிய வினாவுக்குக் காரணம், நிகழ்வு, விளைவு என்று மூன்றாகப் பிரித்து எழுதிப் பழகுங்கள். விளைவைப் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வேலூரில் அந்த உத்தரவுகள் விலக்கப்பட்டன. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். விட்டுப்போனது எதுவோ, அதுதான் நாளைக்குப் படிக்க வேண்டியது.

வாய்ப்புக் கிடைத்தால் இடத்தையே போய்ப் பாருங்கள். கோட்டையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அன்று மடிந்த ஐரோப்பிய வீரர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. உயிர் கொடுத்த இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் எழுந்தது மிகப் பிற்காலத்தில். யாரை, யார், எப்போது நினைவுகூர்ந்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்பேன். ஒரு செய்தியை எந்தப் பக்கத்தில் நின்று சொல்கிறார்கள் என்று யோசிக்கும் பழக்கம் அங்கே பிறக்கிறது. தேர்வு முடிந்த பிறகும் வாழ்நாள் முழுக்க உதவும் பழக்கம் அது.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கோட்டையோ கல்வெட்டோ பழைய ஏரியோ இருக்கும். அதை யார், ஏன் உண்டாக்கினார்கள் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். வரலாற்றுப் படிப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.