மோட்டார் வண்டியைப் பேணும் முறை

நோய் வருமுன் காத்தல் உடலுக்கு மட்டுமன்று, யந்திரத்திற்கும் உரிய நெறியாம். 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துக் கார்ல் பென்ஸ் என்பார் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றனர். அன்று தொட்டு அவ்வண்டி அடைந்த மாறுதல்கள் பல. எனினும், பெட்ரோல் வண்டி காற்றை உட்கொண்டு, எண்ணெயால் உராய்வு தணிந்து, நீரால் வெப்பம் ஆறி, திரவத்தின் அழுத்தத்தால் நிற்கின்றது என்னும் அடிப்படை பெரும்பாலும் மாறவில்லை. இந்நான்கினையும் கவனிப்பதே வண்டி பேணுதலின் சாரமாகும்.

இதனை யாம் நூலிற் கற்றோமல்லோம், அச்சத்தினாற் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் மூவருடன் கொல்லிமலை சென்று திரும்புகையில், 70 கொண்டையூசி வளைவுகளையுடைய பாதையில், உயர்ந்த கியரிலேயே வண்டியை விட்டு ஓயாது பிரேக்கை மிதித்து வந்தோம். பாதி வழியில் பிரேக் மிதி மெத்தென்று தரைவரை அமிழ்ந்தது. தாழ்ந்த கியருக்கு மாற்றிக் கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவரோரமாக நிறுத்தினோம். ஒரு மணி நேரம் ஆறவிட்ட பின் மிதி மீண்டும் இறுகிற்று. முதற் கியரில் மெல்ல ஊர்ந்து அடிவாரம் சேர்ந்தோம். பட்டறையிற் பார்த்தபோது பிரேக் ஆயில் கருத்திருந்தது. ஐந்து ஆண்டுகளாக அதனை மாற்றாதிருந்தோம். குற்றம் எம்முடையதே.

பிரேக் ஆயில்

வண்டிகளில் வழங்கும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாயிருக்கையில் 230 டிகிரி சென்டிகிரேடு வரையேனும் கொதியாதிருத்தல் வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு நீர் கலந்த பின்னரோ, அவ்வெல்லை 155 டிகிரி அளவிற்குத் தாழ்ந்துவிடும். மலையிறக்கத்தில் பிரேக்குகள் காய்ந்து திரவம் கொதிப்பின் ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். ஆகவே காலின் விசை சக்கரத்தை எட்டாது வீணாகும். ஈராண்டுக்கு ஒருமுறை இதனை மாற்றுதல் நன்று. ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் பழைய ஓட்டுநர் விதியையும் மறவாதிருப்போமாக.

எஞ்சின் ஆயில்

இது உராய்வைத் தணிக்கும், வெப்பத்தைக் கடத்தும், அழுக்கைத் தன்னகத்தே தாங்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுக்கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்துப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே நிற்றல் முறை. குறைதல் போலவே மிகுதலும் தீது. 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் எண்ணெய் ஓடும் தன்மையையும், பின்னெண் எஞ்சின் சூடேறிய நிலையில் அதன் தடிப்பையும் குறிக்கும். தயாரித்தவர் குறித்த தூரம், காலம் ஆகிய இரண்டில் எது முன்வரினும் அப்போதே, பில்டருடன் மாற்றுக. குறைவாக ஓடும் வண்டிக்கு இது வேண்டாவென்பது பிழை. சிறு தூரமே ஓடும் எஞ்சின் நன்கு சூடேறாமையால், நீரும் பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிவிடும்.

கூலன்ட்

ரேடியேட்டரில் வெறுங்குழாய்த் தண்ணீரை ஊற்றுதல் நம்மவரிடையே காணும் வழக்கம். உப்பு நீர் உள்ளே படிந்து வழிகளை அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும். தயாரித்தவர் கூறிய கூலன்டையே இடுதல் வேண்டும். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. அழுத்தத்தில் நிற்கும் கொதிநீர் முகத்திற் பாயும். பெரும்பாலான கூலன்டுகளிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுடைய நஞ்சாதலின், குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாதபடி வைத்தல் கடன்.

திராட்டில் பாடி

ஏர் பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே, காற்றின் அளவை ஆளும் வாயில் இது. இதனுள் நடுவச்சிற் சுழலும் வட்டத் தட்டு ஒன்றுண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்குந்தோறும் அது திறக்கும். எஞ்சினின் அடிப்பகுதியினின்று திருப்பி அனுப்பப்படும் எண்ணெயாவி, நாளடைவில் தட்டின் விளிம்பிற் பிசினாகவும் கரியாகவும் படியும். அப்போது வண்டி நின்றவிடத்தில் எஞ்சின் சீராக ஓடாது தடுமாறும். சில வேளை அணைந்தும் போகும்.

துப்புரவு செய்கையில் எஞ்சின் ஆறியும் சாவி அணைந்தும் இருத்தல் வேண்டும். இதற்கெனவே விற்கும் திரவத்தைத் துணியில் நனைத்து, மெல்லத் துடைத்தல் போதும், சுரண்டலாகாது. இக்கால வண்டிகளில் தட்டினை மின்மோட்டாரே இயக்குதலால், அதனை விரலால் வலிந்து தள்ளின் பல்லுறுப்புகள் பழுதுறும். துடைத்தபின் சிறிது நேரம் எஞ்சின் வேகம் மாறியிருத்தலும் உண்டு. சில வண்டிகளில் கருவி கொண்டு அதனைச் சீர்செய்ய நேரும். அழுக்கு இல்லாதவிடத்து இத்துப்புரவும் வேண்டற்பாலதன்று. ஏர் பில்டரைக் காலத்தில் மாற்றுவதும் வாயிலைத் தூசியினின்று காக்கும்.

மாணவ நண்பர்களே! வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, மாற்றிய பொருள், நாள், ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதி வருக. கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாது பட்டறையில் ஒப்படைக்க. அக்குறிப்பேட்டின் ஒரு வரி எம்மிடம் இருந்திருப்பின், அன்று கொல்லிமலையில் நால்வர் உயிரும் ஊசலாடியிராது.