ஒரு வரி கொடுத்து அனுப்பிய ஏலி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

மூத்தவளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது, ஜெபம் பண்ணச் சொல்லிக்கொடுக்க எங்கே தொடங்குவது, மனப்பாடமாகவா, அவள் சொந்த வார்த்தையிலா என்று கேட்டிருந்தாய். ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற இளம் தாய்மாரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

முதலில் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தை ஒரு தடவை நிதானமாக வாசி. அந்தக் கதையைச் சொல்லும்போது நாம் எல்லோரும் சாமுவேலையே பார்க்கிறோம். நீ ஏலியைப் பார். கண் மங்கிப்போன பெரியவர். பையன் ராத்திரியில் திரும்பத் திரும்ப ஓடிவந்து எழுப்புகிறான். கூப்பிடுகிறவர் யார் என்று மூன்றாம் தடவைதான் அவருக்குப் புரிகிறது. புரிந்தவுடன் சொல்லவேண்டிய ஒரே ஒரு வரியைக் கொடுத்து, போய்ப் படுத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். பின்னாலேயே போகவில்லை, கதவோரம் நின்று ஒட்டுக்கேட்கவும் இல்லை. ஒன்பதாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்: ஏலி சொல்லிக்கொடுத்ததில் ‘கர்த்தாவே’ என்ற சொல்லைப் பையன் விட்டுவிட்டான். அதற்காக ஆண்டவர் பேசாமல் இருந்துவிடவில்லை.

இந்த வேலையில் உன் பங்கு அவ்வளவுதான் என்று நான் நம்புகிறேன். நேரத்தை நீ காத்துக்கொடு, சில வார்த்தைகளைக் கொடு. மற்றது அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடக்கட்டும்.

மனப்பாடமா, சொந்த வார்த்தையா என்பதில் நம் சபைகளில் இரண்டு கட்சி உண்டு. சொந்த வார்த்தைதான் உண்மையான ஜெபம், மனப்பாடம் வெறும் உதட்டளவு என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சீஷர்கள் ஜெபிக்கக் கற்றுக்கொடும் என்று கேட்டபோது இயேசு கொடுத்தது ஒரு ஜெபத்தைத்தான். பரமண்டல ஜெபத்தை நான்கு வயதுப் பிள்ளை புரிந்தா சொல்கிறாள் என்று கவலைப்படாதே. லூத்தர் 1535இல் தன் நாவிதருக்கு, எப்படி ஜெபிப்பது என்று சொல்லி ஒரு கடிதம் எழுதினார். தான் இன்றைக்கும் பால் குடிக்கிற குழந்தையைப் போல அந்த ஜெபத்திலேயே குடித்துக்கொண்டிருப்பதாக, ஐம்பது வயது தாண்டிய அந்த மனிதர் அதில் சொல்கிறார். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1529இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசம் வீட்டுத் தலைவர்களுக்காகவே எழுதியது. பிள்ளைகளுக்குக் காலை ஜெபம், மாலை ஜெபம், சாப்பாட்டு ஜெபம் எல்லாம் அதில் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் படித்த சீகன்பால்கு முதல் வேலைகளில் ஒன்றாகத் தமிழாக்கியதும் அந்தப் புத்தகத்தைத்தான். வீட்டில் பெற்றோர் வார்த்தை கொடுக்கவேண்டும் என்பது நம் சபைகளுக்கு அவ்வளவு பழைய எண்ணம்.

ஆனால் உட்காரவைத்து வரிவரியாக ஒப்பிக்கச் சொல்லாதே. நீயும் மாப்பிள்ளையும் தினமும் அவள் காதில் விழும்படி, அவசரமில்லாமல் சொல்லுங்கள். முதலில் ‘ஆமென்’ மட்டும் சேர்ந்துகொள்வாள், பிறகு வரிகளின் கடைசிச் சொற்கள். நடுப்பகுதி தானாக வந்து நிரம்பும். சின்னவன் இன்னும் பேசத் தொடங்கவில்லையே, அவனுக்கு ஒரு கீர்த்தனையின் பல்லவி போதும். பேச்சு வராத பிள்ளைக்கும் ராகம் பிடிபடும்.

சொந்த வார்த்தைக்கு ஒரே ஒரு வாக்கியம் கேள். இன்றைக்கு எதற்கு நன்றி சொல்லலாம்? பல்லி, ஐஸ், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, எது வந்தாலும் வரட்டும். ‘இதையெல்லாமா சாமிகிட்ட சொல்லுவாங்க’ என்று சிரித்துவிடாதே. ஒரு தடவை சிரித்தால் போதும், அடுத்த நாளிலிருந்து உனக்குப் பிடிக்கிற மாதிரி ஜெபிக்கப் பழகிவிடுவாள். நான் எல்லாவற்றையும்விடப் பயப்படுவது அதற்குத்தான்.

வீட்டுக்கு யாராவது வந்தால், ‘ஆன்ட்டிக்கு ஒரு ஜெபம் பண்ணிக்காட்டு’ என்று அவளை நிறுத்தாதே. பெருமையாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் பரமண்டல ஜெபத்துக்குச் சற்று முன்னால்தான், மனிதர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்கிறார். வார்த்தையைக் கொடுக்கும் முன்பே கதவைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று நல்ல குடும்பங்களிலேயே நடக்கிறது. பிள்ளை பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கும்போது, ‘ஆண்டவரே, இந்தப் பிள்ளை இன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நல்ல புத்தியைக் கொடும்’ என்று சத்தமாக ஜெபிப்பது. அது ஆண்டவரிடம் பேசுவதில்லை, அவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது. பிள்ளைக்கு அது உடனே புரியும். கண்டிக்கவேண்டுமானால் கண்டி, ஆனால் ஜெபத்துக்கு வெளியே. ஜெபம் பண்ணாமல் படுத்தால் சாத்தான் வருவான் என்ற பயமுறுத்தலும் வேண்டாம், பாட்டி சொன்னாலும் வேண்டாம். பயத்தில் ஆரம்பித்த ஜெபம், பயம் தெளிந்தவுடன் நின்றுபோகும்.

குடும்ப ஜெபத்தை ராத்திரி ஒன்பது மணிக்கு வைக்காதே. பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன்னால் முடித்துவிடு: ஒரு பல்லவி, ஒரு வசனம், பரமண்டல ஜெபம், அவளுடைய ஒரு வாக்கியம். ஐந்து நிமிஷம் தாராளம். முழு அதிகாரமும் ஊழியங்களுக்கான நீண்ட விண்ணப்பமும் அவர்கள் தூங்கின பிறகு நீங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தண்ணீருக்கு எழுந்து வருகிற பிள்ளை, அப்பா முழங்காலில் இருப்பதைப் பார்க்கிற நாள் ஒன்று வரும். நான் வகுப்பில் சொல்லித்தரும் எதுவும் அதற்கு ஈடாகாது.

கேட்டது கிடைக்காமல் போகும் நாளும் வரும். டோனாவூரில் பிள்ளைகளுக்காக வாழ்நாளைச் செலவழித்து 1951இல் அங்கேயே மறைந்த எமி கார்மைக்கேல் அம்மையார், சிறுமியாக அயர்லாந்தில் இருந்தபோது நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுத்தார். காலையில் கண்ணாடியில் பழைய பழுப்புக் கண்தான் இருந்தது. ‘இல்லை’ என்பதும் ஒரு பதில்தான் என்று அவர் அதிலிருந்து கற்றதாகச் சொல்வார்கள். கண்ணின் நிறத்துக்கு அந்தப் பதில் போதும். தாத்தா பிழைக்கவேண்டும் என்று அழுது ஜெபித்த பிள்ளையிடம் அதைச் சொல்லாதே. ‘நீ விசுவாசத்தோடு கேட்கவில்லை’ என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள், சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் சரி. கெத்செமனேயில் இயேசுவும் அந்தப் பாத்திரம் நீங்கவேண்டும் என்று கேட்டார், அது நீங்கவில்லை. அதை அவளுக்குச் சொல். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நீயும் அழு. ஏன் என்று கேட்டால், எனக்கும் தெரியவில்லை, நானும் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்.

ஏலியிடம் திரும்ப வருகிறேன், அந்த அதிகாரம் ராத்திரியோடு முடியவில்லை. விடிந்ததும் ஏலி பையனைக் கூப்பிட்டு, உனக்குச் சொல்லப்பட்டது என்ன, மறைக்காதே என்கிறார். பையன் கேட்டது ஏலியின் சொந்த வீட்டுக்கு வந்த நியாயத்தீர்ப்பு. பயந்து பயந்து முழுவதையும் சொல்லிவிட்டான். ஏலி அவனை அதட்டவில்லை. அவர் கர்த்தர், அவருக்கு நலமாய்த் தோன்றுவதைச் செய்யட்டும் என்று ஏற்றுக்கொண்டார்.

உன் மகளும் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு, ‘அம்மா என்னைக் கத்தாம இருக்கணும்’ என்று ஜெபிப்பாள். இடையில் பேசாதே. ஆமென் வந்த பிறகு, ‘நான் எப்போ கத்தினேன்’ என்று ஆரம்பிக்காதே. அடுத்து ஜெபிக்கவேண்டியது நீ. அவள் கேட்கும்படி அதற்கு மன்னிப்புக் கேள், பிறகு சோறு பரிமாறு.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா