நாரி உளைவுக் குளிசை: போடமுன் கவனியுங்கள்

அளவெட்டியின் செம்மண் தோட்டங்களில் குனிந்து வெங்காயம் நட்டு நிமிரும்போது நாரி உளையாதவர் குறைவு. உடனே பார்மசியில் டைக்ளோபெனக் அல்லது இபுபுரூபன் வாங்கிப் போடுகிறோம்.

காயமோ அழற்சியோ வந்த இடத்தில் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து வலியையும் வீக்கத்தையும் கூட்டும். அதை உண்டாக்கும் நொதியை இக்குளிசைகள் தடுக்கின்றன. அஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் காட்டிய ஜோன் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையாமல் பார்ப்பதும் அதே புரொஸ்டாகிளாண்டின்தான்.

சாப்பிட்டபின் போட்டால் எரிவு குறையலாம். ஆனால் இரைப்பையில் புண் வராது என்று நம்பவேண்டாம். ஊசியாகவோ மலவாசலில் வைக்கும் மருந்தாகவோ எடுத்தாலும் அப்படித்தான். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரஷர் குளிசையும் நீர் போகும் குளிசையும் எடுப்பவர்கள் வெயிலில் வேர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இந்த வலிக் குளிசையையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். அவர்களும், இருதய நோயாளரும், கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேளாமல் தொடவே கூடாது. இருதயத்துக்கென்று டொக்டர் தந்த அஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து.

மாரியில் வரும் காய்ச்சலுக்கு இந்த வலிக் குளிசைகள் வேண்டவே வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும். அளவோடு பனடோல் மட்டும் போடுங்கள். காய்ச்சல் தொடர்ந்தால் இரத்தம் சோதியுங்கள்.