பல் கிளிப்பும் வாய் கொப்பளிப்பும்: ஒரு வகுப்பறைச் செயல்பாடு

அமிலங்கள், காரங்கள் பாடத்தை மாணவரின் அன்றாட வாழ்வோடு இணைக்கப் பல் நலம் நல்ல வாய்ப்பு. பல்லில் கிளிப் அணிந்த மாணவர் வகுப்பில் இருந்தால் இது இன்னும் தேவையாகிறது.

செயல்பாடு: முட்டை ஓட்டுத் துண்டுகளை வினிகரில் போடச் செய்தேன். குமிழிகள் எழுந்தன, மறுநாள் ஓடு மெலிந்திருந்தது. ஓட்டில் உள்ளது கால்சியம் கார்பனேட். பல் எனாமலில் உள்ளது கால்சியம் பாஸ்பேட் வகை. பொருள் வேறானாலும் அமிலம் இரண்டையும் கரைக்கும்.

விளக்கம்: வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பி.எச். மதிப்பு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். கிளிப்பைச் சுற்றி உணவுத் துணுக்கு தங்குவதால் அங்கே வெண்புள்ளிகள் தோன்றும். கிளிப்பைக் கழற்றிய பிறகும் அவை மறையாமல் போகலாம்.

"மவுத்வாஷ் இருந்தால் பல் துலக்க வேண்டாமா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். பல்லில் ஒட்டிய படலத்தைப் பிரஷ்தான் அகற்றும். மவுத்வாஷ் துணை மட்டுமே என்றேன். மாணவர் குறிப்பேட்டில் எழுதியவை:

1. தினமும் பயன்படுத்த, 0.05 சதவீதம் சோடியம் ஃபுளூரைடு உள்ள மவுத்வாஷ் ஏற்றது. பல் துலக்கும் நேரத்தில் அல்லாமல் வேறு நேரத்தில் கொப்பளிக்கலாம்.
2. லேபிளில் உள்ள அளவில், அதில் குறித்த நேரம் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. பின் 30 நிமிடம் எதுவும் உண்ணவோ பருகவோ கூடாது.
3. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது.
4. குளோர்ஹெக்சிடின் பல்லில் கறை படியச் செய்யும். மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன நாள்வரை.

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. அங்குள்ள மாணவர் பல் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஃபுளூரைடு மவுத்வாஷ் வாங்க வேண்டும்.

மவுத்வாஷ் வாங்க இயலாத வீடுகள் உண்டு. உணவுக்குப் பின் வெறும் தண்ணீரில் நன்கு கொப்பளித்தாலே தங்கிய துணுக்குகள் பெரும்பாலும் வெளியேறும். எங்கள் வகுப்பில் கிளிப் அணிந்த மாணவி, "கம்பிப் பல்" என்ற கேலிக்கு அஞ்சிக் குழாயடிக்குப் போவதையே தவிர்த்து வந்தாள். பாடம் முடிந்ததும், மதிய உணவுக்குப் பின் வகுப்பு முழுவதும் சேர்ந்து கொப்பளிப்பது என மாணவரே முடிவெடுத்தனர். எல்லாரும் செய்யும்போது யாரும் தனித்துத் தெரிவதில்லை.

மதிப்பீட்டு வினா: கிளிப் அணிந்த நண்பனுக்குக் கடலை மிட்டாய் ஏன் ஏற்றதல்ல? இரண்டு காரணங்கள் கூறுக.