விடுதிக்குத் திரும்பும் மாணவர்

வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காகப் பயன்படுத்திய கல்லூரி மாணவர், சிகிச்சை முடிந்து வீடு திரும்புகையில், "முழுக்கச் சரியாகிவிட்டானா, டாக்டர்?" என்றே பெற்றோர் கேட்கின்றனர். நாங்கள் அஞ்சுவது அடுத்து வரும் வாரங்களைக் குறித்து.

அபின் வகை மருந்துகளுக்கு உடல் பழகப் பழக, எடுக்கும் அளவும் கூடும். சில வாரங்கள் நிறுத்தியதும் அந்தத் தாங்கும் திறன் குறைந்துவிடுகிறது, ஏக்கமோ நீடிக்கலாம். பழைய அறை, பழைய கூட்டாளிகள், தேர்வு முடிந்த இரவு. முன்பு எடுத்த அதே அளவை அன்று எடுத்தால் மூச்சு அடங்கி உயிரே போகலாம்.

எனவே கல்லூரிக்குத் திரும்புமுன், மாணவரின் ஒப்புதலுடன், அறையை மாற்றித் தருமாறு விடுதிக் காப்பாளரிடம் கேளுங்கள். நோய் விவரம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை "இதுவும் போதைதானே" என்று உறவினர் நிறுத்தச் சொல்வதுண்டு. அது பெருந்தவறு, எங்களைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

பையைத் துழாவுவதும் நண்பர்களிடம் துப்புக் கேட்பதும் பெரும்பாலும் பொய்யைத்தான் வளர்க்கின்றன. ஒருமுறை தவறினால், அதை அன்றே உங்களிடம் சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். ஏசாமல் கேளுங்கள், மறுநாளே புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். திட்டுவதற்குப் பிறகு நேரம் கிடைக்கும்.

தட்டி எழுப்பியும் விழிக்காமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்திருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். அறைத்தோழரிடமும் இதைச் சொல்லி வைக்கலாம். நள்ளிரவில் மனம் தடுமாறினால் மாணவரே பேசுவதற்கு டெலி மானஸ் எண் 14416.